ஒரு வேரியன்ட் இறங்கி வாங்குங்கள்



தை பிறந்தாச்சு. மார்கழியில் தள்ளிப்போட்டதெல்லாம் இந்த மாதம் வரிசை கட்டும். கல்யாண மண்டபங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். கார் ஷோரூம்களைப் பாருங்கள். டிசம்பர் தள்ளுபடியில் புக் செய்துவிட்டு, "வண்டியைத் தையில நாள் பார்த்து எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனை! சென்னைக்காரர்களில் பலருக்கு, பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் கார் வீட்டுக்கே வரும்.

இதே தையில்தான் வீட்டைப் பற்றிய பேச்சும் கிளம்பும். ஒட்டடை அடித்து, பரணைக் காலி செய்து, போகிக்குப் பழையதைக் கழித்த கையோடு, "ஹாலுக்கு வேற கலர் அடிச்சா என்ன? அந்த சோபாவை மாத்தினா என்ன?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

புதுசுக்கு ஆசைப்படுவது தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே பஸ், ஒரே ஆபீஸ், ஒரே சுவர் என்று ஓடும் நாட்களில் ஏதாவது ஒன்று மாறினால் மனசு தெளிகிறது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான், அதுவரை அம்பாசடரையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் அடுத்தவர் வீட்டு வாசலில் மட்டுமே பார்த்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் நாமும் கார் வாங்கலாம் என்று துணிந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அந்தக் கார்களில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்த கதையை இன்றும் சொல்லி மகிழும் வீடுகள் உண்டு. காய்ச்சல்காரக் குழந்தையை மழையில் நனையாமல் டாக்டரிடம் கொண்டுபோகலாம். வயசான அப்பாவையும் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதிப் பந்தியில் எழுந்திருக்க வேண்டாம். இதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் புதுசு உங்கள் வீட்டில் யார் யாருக்குப் போய்ச் சேருகிறது?

காருக்கும் வீட்டுக்கும் பணம் ஒரே சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முதலில் கார். மிச்சம் இருந்தால் வீடு. மிச்சம் இருக்காது. தவணை ஆரம்பித்துவிடும். சமையலறை மட்டும் குடிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். அங்கேதானே ஒருவர் தினமும் மூன்று வேளை நிற்கிறார்?

பணம் எங்கே போகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன் 28 சதவீதம், அதற்கு மேல் செஸ். நல்ல செய்திதான். ஆனால் குறைந்த பணம் கையில் தங்குகிறதா? "இதே பட்ஜெட்ல இப்போ டாப் எண்டே வருது சார்" என்று ஷோரூமில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாம் ஒரு படி ஏறிவிடுகிறோம்.

அந்த ஒரு படி எவ்வளவு தெரியுமா? தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். 9 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் காருக்கு வரி 1,27,400 ரூபாய். அதே காரில் சன்ரூஃபும் பெரிய திரையும் உள்ள வேரியன்ட் 10 லட்சத்து 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரி 1,90,800 ரூபாய். விலையில் 80 ஆயிரம் கூடியது, வரியில் 63,400. ஆக ஒரு படிக்கு 1,43,400 ரூபாய்! இன்சூரன்ஸும் அதற்கேற்ப ஏறும்.

அதைக் கடனில்தானே வாங்குகிறோம்? 7 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 14,530. 7 வருஷம் என்றால் சுமார் 11,260. பார்க்க இரண்டாவதுதான் இதமாக இருக்கும். ஆனால் முடிவில் கட்டும் வட்டியில் கிட்டத்தட்ட 74 ஆயிரம் ரூபாய் கூடுதல். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: ஐந்தாவது வருஷம் முடிகிறபோது இன்சூரன்ஸ் கணக்கில் உங்கள் காரின் மதிப்பு பாதியாகியிருக்கும். தவணை மட்டும் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

அதனால்தான் சொல்கிறேன். ஆசைப்பட்ட காரையே வாங்குங்கள். ஒரு வேரியன்ட் இறங்கி வாங்குங்கள். அந்த வித்தியாசத்தை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

இறங்கச் சொல்வது அலங்காரத்தில்தான், பாதுகாப்பில் அல்ல. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் சோதனை நம் நாட்டிலேயே நடக்கிறது. பெரியவர்களுக்கு எத்தனை ஸ்டார், குழந்தைகளுக்கு எத்தனை ஸ்டார் என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். நீங்கள் வாங்கும் வேரியன்ட்டில் எத்தனை ஏர்பேக், குழந்தை சீட்டைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவை இல்லாத வேரியன்ட் என்றால் இறங்கவே வேண்டாம். சன்ரூஃபைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அதைத் திறக்க வழியில்லை. திறக்கிற நாளில் குழந்தைகள் அதில் தலையை நீட்டி நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, அந்தப் பணம் வீட்டுக்குள் வந்தால் எங்கே போகட்டும்? சமையலறைக்குத்தான் முதல் பங்கு. பல வீடுகளில் சமையலறை ட்யூப் லைட் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். காய் நறுக்கும் பலகையின் மேல் அவருடைய நிழலே விழும். மேல் அலமாரியின் அடியில் ஒரு எல்இடி பட்டை விளக்கு போட்டுப் பாருங்கள். மேடை முழுக்க வெளிச்சம். தாளிக்கிற புகையை வெளியே தள்ள நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன். குனிந்து குனிந்து எடுக்கும் பாத்திரங்களுக்கு இழுப்பறை. மேடை தாழ்வாக இருந்து முதுகு வலிக்கிறதா? கிரானைட்டை மாற்றும்போதே உயரத்தையும் மாற்றிவிடுங்கள். அங்கே நின்று சமைப்பவரின் உயரத்துக்கு அளவெடுக்கச் சொல்லுங்கள், மேஸ்திரியின் வழக்கமான அளவுக்கு அல்ல.

அடுத்து, வயசானவர்கள் இருக்கிற வீடு என்றால் பாத்ரூம். வழுக்காத டைல்ஸ், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி, ராத்திரி எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு. கம்பி சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. பாட்டி ஒரு தடவை வழுக்கி விழுந்தால் ஆகிற செலவும் வேதனையும் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பெயின்ட் அடிக்க தையும் மாசியும் அருமையான மாதங்கள். பலர் தீபாவளிக்கு முன்னால் அவசரமாக அடிக்கிறார்கள். நமக்கோ வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஈரம் குடித்த சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் கொப்பளித்து உரியும். மழை முடிந்து வெயில் தெளிந்த பிறகு, பொங்கலுக்கு வெள்ளையடித்தார்களே நம் பெரியவர்கள், அந்தக் காலக்கணக்கு இன்றைய பெயின்ட்டுக்கும் பொருந்துகிறது.

அப்படியும் சந்தேகமாக இருந்தால், ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். மொட்டை மாடியா, பாத்ரூம் குழாயா, எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டுத்தான் பட்டி பார்க்கச் சொல்ல வேண்டும். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் இதையும் கவனியுங்கள்: வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் அமலில் இருக்கிறது. ஆகவே டின்னில் அதைப் பார்த்து வாங்குங்கள். மலிவு என்று பெயர் தெரியாததை வாங்காதீர்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டும் நாட்களில் குழந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள். அந்தத் தூசியில்தான் பழைய ஈயம் இருக்கக்கூடும்.

எல்லா அறைக்கும் அடித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஹாலில் ஒரு சுவர் போதும். கண்ணைக் கூச வைக்கும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கை வேலை செய்யும் இடத்தில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து பேசும் மூலையில் 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தைப் போட்டுப் பாருங்கள். ராத்திரி அந்த மூலைக்கு எல்லாரும் தானாக வந்து சேருவார்கள். சோபா எல்லாம் டிவியைப் பார்த்தே இருக்க வேண்டுமா? ஒன்றை ஜன்னல் பக்கம் திருப்புவதற்குக் காசே ஆகாது. தரைக்கு விரிக்க பவானி ஜமக்காளமும் பத்தமடைப் பாயும் இருக்கும்போது வெளிநாட்டுக் கம்பளம் தேட வேண்டியதில்லை. நம் புழுக்கத்துக்கு அவைதான் ஒத்துவரும். உதறிக் காய வைப்பதும் சுலபம். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவைத் துலக்கி வாசலில் வைத்தால் அதுவே அழகு.

மறுபடி காருக்கு வருகிறேன். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டு ஆண்கள் மட்டும் போய்வருவது ஏன்? காரை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பல ஷோரூம்களில் செய்கிறார்கள். மாமியாரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூட்டு வலி உள்ளவருக்கு சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தாலும் கஷ்டம், ரொம்ப உயரமாக இருந்தாலும் கஷ்டம். பின் சீட்டில் மூன்று பேரும் பெல்ட் போட்டு உட்கார்ந்து பாருங்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். உங்கள் தெரு முனையில் திருப்பிப் பாருங்கள். அபார்ட்மென்ட் என்றால் பார்க்கிங் இடத்தில் நிறுத்திவிட்டுக் கதவு முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் பிரோஷரில் தெரியாது.

டெலிவரிக்கு முன், ரிஜிஸ்ட்ரேஷன் ஆவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றிப் பாருங்கள், எந்த வருஷத் தயாரிப்பு என்றும் கேளுங்கள். தையில் வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது, ஏனென்றால் இப்போது ஷோரூமில் நிற்பவற்றில் போன வருஷத்துத் தயாரிப்பும் இருக்கும். தப்பில்லை, ஆனால் அதற்கேற்ற தள்ளுபடியை வாயைத் திறந்து கேட்டு வாங்க வேண்டும், நாளைக்கு விற்கும்போது அந்த வருஷத்தைச் சொல்லித்தானே விலையைக் குறைப்பார்கள்? டயரிலும் நாலு இலக்க எண் இருக்கும். 3825 என்றால் 2025-ம் வருஷம் 38-வது வாரம் தயாரானது. இன்சூரன்ஸை ஷோரூமிலேயேதான் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெளியிலும் விலை கேளுங்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்குக் கட்டாயமாக இருக்கிற 3 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இதை வாசகியரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களில் எத்தனையோ பேரிடம் லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் பழகி அதை வாங்கிய பிறகு ஸ்டீயரிங்கைத் தொடாதவர்கள் அதிகம். "புது வண்டி, கோடு விழுந்துடும்" என்று ஒருவர் சொல்லியிருப்பார், நீங்களும் விட்டிருப்பீர்கள். கோடு விழுந்தால் என்ன? பாலிஷ் போட்டால் போகிற விஷயம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் வேளையில் வாசலில் நிற்கிற வண்டியை எடுக்க இன்னொரு ஆள் வீட்டிலேயே இருக்க வேண்டாமா?

அதனால் இந்த மாதம் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ரோடு காலியாக இருக்கும். முதலில் தெருவுக்குள், அப்புறம் மார்க்கெட் வரை, அப்புறம் பிள்ளைகளை ஸ்கூலில் விடுவது. புதுக் காருக்கு இரண்டு சாவி தருவார்கள். இரண்டாவது சாவி பீரோவுக்குள் போவதற்கு முன் வாங்கி உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்