சுரண்டியும் அழியாத ஏடு

ஆங்கிலத் திறனாய்வு நூல்களில் 'பாலிம்ப்செஸ்ட்' என்றொரு சொல் அருகி வழங்குகின்றது. மீண்டும் சுரண்டப்பட்டது என்பது அதன் கிரேக்க மூலப்பொருள். தோலேடு விலைமிக்கதாயிருந்த காலத்தில், பழைய எழுத்தைச் சுரண்டிக் கழுவி, அதன்மேல் புதிதாய் எழுதினர்; அடியிலிருந்த மையோ முற்றும் மறையவில்லை. 10ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட ஆர்க்கிமிடிசின் நூலொன்று 13ஆம் நூற்றாண்டில் வழிபாட்டு நூலாக மாறிற்று. 1906இல் ஹைபர்க் என்னும் டேனிய அறிஞர் அடிவரிகளை இனங்கண்டார். அவர்க்கும் புலப்படாதவற்றைப் பின்னர் எக்ஸ் கதிர் காட்டிற்று.

ஆங்கில உரைநடையாளர் டி குவின்சி 1845இல் மனித மூளையையே இத்தகைய ஏடாக உருவகித்தார். அதன்பின் நகரமும் நினைவும் பாலிம்ப்செஸ்ட் ஆயின. தமிழில் 'சுரண்டேடு' எனலாம் என்பது என் கருத்து. ஓசை இனிதன்று, பொருள் பிழையாது.

ஆயின், இவ்வுருவகத்தை நம் சுவடி மரபின்மேல் ஏற்றிப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. எழுத்தாணி கீறிய பனையோலையைச் சுரண்டி மீள எழுதல் இயலாது. ஓலை நைந்தால் புதிய ஓலையில் படியெடுத்தல் ஒன்றே வழி. படியெடுக்காது விட்டவை கரையானுக்கு இரையாயின. ஆற்றுப் பெருக்கில் விடப்பட்டனவும் உள. அடியில் மறைந்து காத்திருக்கும் வரி நமக்கு இல்லை.

ஓலை மட்டுமா? அரபுத்தமிழில் தாளில் எழுதிய கையெழுத்துப்படிகள் நம் ஊர்ப் பரண்களில் இன்றும் கிடக்கின்றன. தாளையே பூச்சி அரித்தபின் எக்கதிர் மீட்டுத் தரும்? விடுமுறைக்குச் செல்லும் மாணவர், பாட்டனாரின் மரப்பெட்டியைத் திறந்து, என்ன நூல், எத்தனை தாள் என்றேனும் குறித்துவந்து துறையில் தருவாராக.