ஒரு ராத்திரி ஆத்திரம்; பத்து வருஷம் கோர்ட்டு!

2015-ம் ஆண்டு ஜூன் 27. ஆம்பூர் மறக்க முடியாத ராத்திரி அது.

பள்ளிகொண்டா போலீசார் விசாரணைக்கு அழைத்துப் போன வாலிபர் ஒருவர், பிறகு ஆஸ்பத்திரியில் இறந்து போனார். போலீசார் அடித்ததுதான் காரணம் என்று புகார் எழுந்தது. ஊர் கொதித்தது. கொதிக்காமல் இருக்குமா? ஆனால் அந்த ராத்திரி கல் பறந்தது. பஸ்களும் கடைகளும் நொறுங்கின. பெண் போலீசார் உள்பட பலர் காயம் அடைந்தனர். சென்னை- பெங்களூர் ரோட்டில் போக்குவரத்து நின்றது.

அப்புறம் நடந்தது என்ன? பலர் கைதானார்கள். வழக்கு 10 ஆண்டு இழுத்தது. 2025 ஆகஸ்டு மாதம் திருப்பத்தூர் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 22 பேருக்கு தண்டனை. 161 பேர் விடுதலை. விடுதலை ஆனவர்களுக்கும் போன பத்து வருஷம் போனதுதான். வாய்தாவுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு!

நியாயம் கேட்டு வந்த கோபம் தப்பே அல்ல. கல்லை எடுத்ததுதான் தப்பு. விசாரணையில் நடந்தது என்ன என்ற கேள்வி பின்னுக்குப் போய், கலவர வழக்கு முன்னுக்கு வந்துவிட்டது. நஷ்டம் யாருக்கு?

ஊர் கோபம் இருக்கட்டும். வீட்டுக் கோபம் என்ன வாழ்கிறது? தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் நாளெல்லாம் நின்று வேலை. சூப்பர்வைசரிடம் திட்டு. வட்டிக்காரன் தொல்லை. அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்தவர், வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பிள்ளை மீது பாய்கிறார். பஸ்சில் சில்லறைக்கு சண்டை, குழாயடியில் குடத்துக்கு சண்டை. கடைசியில் போலீஸ் ஸ்டேஷன்.

கோபம் வரும்போது நெஞ்சு படபடக்கும், கை முறுக்கும். அதுதான் எச்சரிக்கை மணி. அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடலாம். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கலாம். தெருக்கோடி வரை நடந்து வரலாம். சூடு ஆறிய பிறகு, விஷயத்தைப் பேசியே ஆக வேண்டும். மனசுக்குள் அமுக்கி வைத்தால் அது வேறு நாளில், வேறு ஆள் மீது வெடிக்கும். பாட்டிலைத் திறந்தால் எரிகிற தீயில் எண்ணெய்தான்.

கோபத்துக்குப் பின்னால் பயம் இருக்கும், கடன் இருக்கும், அவமானம் இருக்கும். அதை நம்பிக்கையான ஒருவரிடம் சொன்னாலே பாதி பாரம் இறங்கும். சொல்ல ஆள் இல்லையா? 14416 என்ற அரசு மனநல உதவி எண் இரவு பகல் எப்போதும் உண்டு. காசு கிடையாது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்று அர்த்தம் இல்லை. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போலத்தான்.

மக்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. ஏழை கொண்டு வரும் மனுவை வாங்கி, உடனே விசாரிக்க அதிகாரிகளும் பழக வேண்டும். கேட்க ஆள் இருந்தால், கல்லைத் தேடி கை போகாது!