ஜாக்கி தூக்கும், தாங்காது: காருக்கு அடியில் படுக்கும் முன் படிக்க ஒரு இழை

1/
வீட்டிலேயே காரைத் தூக்கி, அடியில் படுத்து வேலை பார்க்கிறவர்களுக்கான இழை இது. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபமும் இருக்கும். நேரம் இல்லாதவங்களுக்குச் சுருக்கமா: டிக்கியில் இருக்கும் ஜாக்கி காரைத் தூக்க மட்டும்தான். தூக்கியதைத் தாங்கி நிற்க ஜாக் ஸ்டாண்ட் வேணும். ஸ்டாண்ட் இல்லைன்னா அடியில் போகாதீங்க.

2/
"இதை மெக்கானிக் சொல்லட்டுமே, டாக்டருக்கு என்ன வேலை?" நியாயமான கேள்விதான். மாரடைப்புக்கு எங்ககிட்ட மருந்து இருக்கு, ஸ்டென்ட் இருக்கு. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருக்கு. நெஞ்சு மேல் கார் இறங்கி பத்து நிமிஷம் கழித்து வருகிறவருக்குத் தருவதற்கு எங்ககிட்ட பெரிசா எதுவும் இல்லை. அவரைக் காப்பாற்றியிருக்கக் கூடிய பொருள் ஆஸ்பத்திரியில் இல்லை, ஆட்டோமொபைல் கடையில் இருக்கு. அதனால்தான் பேசுறேன்.

3/
உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்றேன். மூச்சு விடணும்னா விலா எலும்புகள் விரியணும், உதரவிதானம் இறங்கணும். மேலே எடை அழுத்தினால் ரெண்டும் நடக்காது. நெஞ்சில் திடீர் அழுத்தம் வரும்போது இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் கழுத்து, முகம் பக்கம் திருப்பித் தள்ளப்படும். முகம் ஊதா நிறமாகும், கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தம் கட்டும். ஒரு எலும்புகூட உடையாமல் ஆள் போய்விடலாம். மூளைக்கு ஆக்சிஜன் நின்றால் 4 நிமிஷம் தாண்டும்போதே நிரந்தரச் சேதம் ஆரம்பிச்சிடும். எந்த ஊரில் ஆம்புலன்ஸ் 4 நிமிஷத்தில் வருது?

4/
பலர் யோசிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. கத்த முடியாது. குரல் வர காற்று வேணும், காற்றே உள்ளே போகலைன்னா சத்தம் எங்கிருந்து வரும்? சமையலறையில் இருக்கிற மனைவிக்கோ, ஹாலில் டிவி பார்க்கிற அப்பாவுக்கோ எதுவும் கேட்காது. "என்ன, ரொம்ப நேரமா சத்தமே இல்ல"ன்னு யாராவது வந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

5/
"சின்னக் கார்தானே?" ஒரு ஸ்விஃப்ட் கிட்டத்தட்ட 900 கிலோ. இன்ஜின் முன்னாடி இருப்பதால் எடையில் சுமார் 60 சதவீதம் முன்பக்கம்தான். அதாவது 500 கிலோவுக்கு மேல், சிமெண்ட் மூட்டைக் கணக்கில் பத்து மூட்டை. இன்னோவா கிறிஸ்டா 1,800 கிலோவை ஒட்டி வரும். இதில் நாலில் ஒரு பங்கு நெஞ்சில் இறங்கினாலே போதும்.

6/
இப்படி ஒரு சாவு நடந்தால் ஊரில் ரெண்டு வார்த்தை சொல்வாங்க: "விதி", "நேரம்". எனக்கு ரெண்டுமே பிடிக்காது. இது புவியீர்ப்பு விசை. தாங்குறதுக்கு எதுவும் இல்லைன்னா பொருள் கீழே வரும். விதின்னு சொல்லிட்டால் பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மாதிரி படுப்பான்.

7/
ஜாக்கி ஏன் தாங்காது? கத்தரி மாதிரி மடங்குற டிக்கி ஜாக்கியின் அடிப்பாகம் ரொம்பக் குறுகலானது. கார் பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தாலே சாய்ந்துவிடும். பாட்டில் ஜாக்கி, டிராலி ஜாக்கி ரெண்டும் ஹைட்ராலிக். முழு எடையையும் பிடித்து நிற்பது உள்ளே இருக்கும் எண்ணெயும், அது கசியாமல் தடுக்கிற சீலும், ஒரு சின்ன வால்வும். சீல் தேய்ந்திருக்கா, வால்வில் தூசி மாட்டியிருக்கான்னு வெளியிலிருந்து தெரியாது. இதெல்லாம் டாக்டர் கண்டுபிடிப்பு இல்லை. "ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் போகாதீர்கள்" என்ற எச்சரிக்கை உங்க கார் கையேட்டிலேயே இருக்கும். டிக்கி ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான்.

8/
அடுத்தது ஹேண்ட் பிரேக். நம்ம ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் அது பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிட்டீங்கன்னா அந்தப் பிடி அந்தரத்தில் தொங்குது. சரி, கியரில் போட்டாச்சே? முன்சக்கரம் ஓட்டும் காரில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினால் கியரும் காப்பாற்றாது. டிஃபரென்ஷியல் இருப்பதால் தூக்கின சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் உருளலாம். அதனால்தான் லாரி கிளீனர் சக்கரத்துக்குக் கட்டை போடாமல் வேலையைத் தொட மாட்டார். பல லட்ச ரூபாய் கார் வைத்திருக்கும் நமக்கு அந்தக் கட்டை இல்லை.

9/
இனி வழக்கமான பதில்களுக்கு வருவோம்.
"எங்க மெக்கானிக் 20 வருஷமா இப்படித்தான் பண்றாரு." ஹெல்மெட் போடாமல் 20 வருஷம் ஓட்டினவரும் இருக்கார். பிழைத்தவர் மட்டும்தான் வந்து உங்ககிட்ட கதை சொல்ல முடியும்.
"ரெண்டு நிமிஷ வேலைதான்." சீல் போக ரெண்டு வினாடி போதும்.
"முழுசா போகல, தலையை மட்டும்தான் விட்டேன்." இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

10/
அடுத்து, "சர்வீஸ் செலவை மிச்சப்படுத்துங்க"ன்னு வீடியோ போடும் தமிழ்ச் சேனல்காரர்களுக்கு. வீட்டிலேயே ஆயில் மாற்றுவது தப்பில்லை, நல்ல விஷயம்தான். ஆனால் எந்த ஆயில், எந்த ஃபில்டர்னு பத்து நிமிஷம் பேசுறீங்க. அப்புறம் ஒற்றை ஜாக்கியில் நிற்கிற காருக்கு அடியில் கேமராவோட போறீங்க. பார்க்கிறவங்க ஆயில் பிராண்டை மட்டும் கத்துக்கிறதில்லை, நீங்க படுக்கிற விதத்தையும் சேர்த்துத்தான் கத்துக்கிறாங்க. ஸ்டாண்ட் வைப்பதை அரை நிமிஷம் காட்டினால் வியூஸ் குறைஞ்சிடுமா?

11/
ஒர்க்‌ஷாப் முதலாளிகளுக்கும் இதே கேள்வி. அடியில் படுக்கிறது நீங்க இல்லை, தொழில் கத்துக்க வந்த பதினெட்டு வயசுப் பையன். லிஃப்ட் போட வசதி இல்லைன்னா புரியுது. ரெண்டு ஜோடி ஸ்டாண்ட் வாங்க வசதி இல்லைன்னா நம்ப மாட்டேன். கார் விடுற வாடிக்கையாளர்களும் ஒரு தடவை கேளுங்க: "அண்ணே, ஸ்டாண்ட் வெச்சிட்டுத்தானே தம்பி உள்ள போறாப்ல?" கேள்வி வந்தால் பழக்கம் மாறும்.

12/
செங்கல், ஹாலோ பிளாக்? கூடவே கூடாது. சுவர் முழுக்கச் சமமாகப் பரவுகிற எடையைத்தான் அவை தாங்கும். காரின் அடித்தகடு மாதிரி மெல்லிய ஓரம் ஒரே புள்ளியில் அழுத்தினால் விரிசல் விட்டு நொறுங்கும். இரும்பு வளையும்போது கொஞ்சம் முன்னறிவிப்பு கிடைக்கும். கான்கிரீட் சொல்லாமல் உடையும். மூணு செங்கல்லை அடுக்கி அதுக்கு மேல் ஒரு பலகை வைப்பதும் இதே கதைதான்.

13/
சரி, ஸ்டாண்ட் வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. எதைப் பார்த்து வாங்கணும்?
முதலில் எடை. "3 டன்"னு எழுதியிருந்தால் அது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கான்னு லேபிளைப் படிங்க. ஜோடிக்கு 3 டன்னுன்னா ஒண்ணுக்கு ஒன்றரைதான். சின்னக் காருக்கு ஜோடி 2 டன் கணக்குப்படி போதும். இருந்தாலும் 3 டன் வாங்கச் சொல்வேன். அதில் பொதுவா அடிப்பாகம் அகலமா இருக்கும். எஸ்யூவி, இன்னோவா வைத்திருப்பவர்கள் 3 டன்னுக்குக் கீழே பார்க்கவே வேண்டாம். எடை எழுதாத ஸ்டாண்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க.

14/
ரெண்டாவது, பூட்டு. முக்கியமா ரெண்டு வகை.
பின் வகை: நடுத்தண்டில் ஓட்டைகள் இருக்கும், தடித்த இரும்புப் பின்னைக் குறுக்கே செருகணும். எளிமையானது, பூட்டியிருக்கான்னு கண்ணாலேயே தெரியும். ஆனால் உயரம் ஓட்டைக்கு ஓட்டைதான் மாறும். பின் தொலைந்தால் அதுக்குப் பதிலா போல்ட், ஸ்குரூடிரைவர் செருகக் கூடாது.
ராட்செட் வகை: தண்டில் பல் பல்லாக இருக்கும், ஒரு இரும்பு நாக்கு பல்லில் விழுந்து பிடிக்கும். வசதியானது. ஆனால் நாக்கு முழுசா விழுந்ததான்னு ஒவ்வொரு தடவையும் பார்க்கணும்.
ராட்செட்டோட கூடுதலா பாதுகாப்புப் பின்னும் இருக்கிற மாடல் கிடைத்தால் அதையே எடுங்க.

15/
மூணாவது, உயரம். ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரம் உங்க ஜாக்கி தூக்குற உயரத்துக்குள் வரணும். இல்லைன்னா ஸ்டாண்டை உள்ளே நுழைக்கவே முடியாது, உடனே ஜாக்கிக்கு அடியில் செங்கல் வைக்கத் தோணும். அதுதான் ஆபத்து. கடைக்குப் போகும் முன் காரைத் தூக்கி டேப் வைத்து அளந்துட்டுப் போங்க. அதிகபட்ச உயரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். உயர உயர ஆட்டம் அதிகம். வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும்.

16/
நாலாவது, காலும் தலையும். நாலு கால், அகலமான அடி, நாலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடணும். கடையிலேயே தரையில் வைத்து ஆட்டிப் பாருங்க. வெல்டிங் முழுசா ஓடியிருக்கான்னு பாருங்க, விட்டு விட்டு இருந்தால் வேண்டாம். பல கார்களில் ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே ஓடும் மடிப்புத் தகடுதான். அதுக்கு நடுவில் பள்ளம் உள்ள ரப்பர் பேட் தனியா கிடைக்கும், வாங்கிக்கோங்க. வெறும் இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். எந்த இடத்தில் வைக்கணும்னு கார் கையேட்டில் படமே இருக்கும். ஆயில் சம்ப், சைலன்சர் குழாய் இதெல்லாம் தாங்குற இடம் இல்லை.
"தெரிஞ்ச லேத்துல வெல்டு பண்ணித் தர்றாங்க சார்"னு வருவாங்க. கேட் செய்யட்டும், ஜன்னல் கம்பி செய்யட்டும். இது வேண்டாம்.

17/
"ஸ்டாண்டே உடையுதாமே?" ஆமா, நடந்திருக்கு. அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் கடைகள் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் 17 லட்சத்துக்கும் மேல் 2020-ல் திரும்பப் பெறப்பட்டன. ராட்செட் பல்லும் நாக்கும் சரியாகப் பொருந்தாமல், எடை இருக்கும்போதே திடீரென்று இறங்கும் அபாயம்தான் காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை இருந்ததால் அதே வருஷம் மறுபடியும் திரும்பப் பெற்றாங்க. இதைப் படித்துவிட்டு "அப்போ ஸ்டாண்டும் வேஸ்ட்"னு சொல்லாதீங்க. எந்த ஒரு பொருளையும் தனியா நம்பாதீங்க என்பதுதான் இதில் இருக்கிற பாடம். ஆபரேஷன் தியேட்டரில் ஜெனரேட்டர் இருந்தும் பேட்டரி வைத்திருக்கோமே, அதே கணக்கு.

18/
செய்முறை, வரிசையா:
– சமதளத் தரை. மண், சரிவு வேண்டாம். பேவர் பிளாக், வெயிலில் இளகுற தார் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் முழு அடியையும் தாங்குற கனமான பிளைவுட் பலகை.
– ஹேண்ட் பிரேக், கியர். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்.
– தரையில் இருக்கப் போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை.
– சக்கரத்தைக் கழற்றணும்னா தூக்கும் முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்க. மேலே போனபின் ஸ்பேனரைப் போட்டு மிதிக்காதீங்க.
– தூக்கி, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்ட் வைத்து, பூட்டைப் பார்த்து, காரை மெதுவா ஸ்டாண்ட் மேல் இறக்குங்க.

19/
– உள்ளே போகும் முன் வெளியில் நின்று காரை நல்லாத் தள்ளி ஆட்டிப் பாருங்க. விழணும்னா இப்பவே விழட்டும்.
– ஜாக்கியை எடுக்க வேண்டாம். லேசாத் தொட்டபடி இருக்கட்டும்.
– கழற்றின சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ காருக்கு அடியில் படுக்க வைங்க. எல்லாம் கைவிட்டாலும் அந்தச் சக்கரத்தின் தடிமன் அளவு இடம் மிஞ்சும். அந்த இடம்தான் மூச்சு.
– கார் மேலே இருக்கும்போது யாரும் உள்ளே உட்காரக் கூடாது, கதவை அறையக் கூடாது, இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிடுங்க.
– தனியா செய்யாதீங்க. பார்வை படுற தூரத்தில் ஒருத்தர், அவர் கையில் போன்.

20/
இவ்வளவுக்குப் பிறகும் நடந்துட்டால்?
நெஞ்சிலோ கழுத்திலோ எடை இருந்தால் காத்திருக்காதீங்க. ஒருத்தர் 108-க்கு அடிக்கட்டும், மற்றவர்கள் உடனே எடையைத் தூக்குங்க. ஜாக்கி இருந்தால் ஜாக்கி, இல்லைன்னா தெருவையே கூப்பிடுங்க. தூக்கத் தூக்க அடியில் சக்கரம், கட்டை ஏதாவது செருகிக்கிட்டே வாங்க, மறுபடி இறங்கக் கூடாது. காப்பாற்றப் போறவர் அடியில் தவழ்ந்து போகக் கூடாது. வெளியே எடுக்கும்போது கழுத்தையும் முதுகையும் முடிந்தவரை நேராப் பிடிங்க. மூச்சு இல்லைன்னா உடனே சிபிஆர்.

21/
கை, கால் மட்டும் ரொம்ப நேரம் மாட்டியிருந்தால் வேறு ஆபத்து. 1941-ல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்களைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் எழுதினாங்க. நல்லாப் பேசிக்கிட்டு வெளியே வந்தவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. நசுங்கிய தசையிலிருந்து கசியும் பொருட்கள் சிறுநீரகத்தை அடைக்கும், பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தலாம். அதனால் எவ்வளவு நேரம் மாட்டியிருந்ததுன்னு 108 ஊழியரிடம் கட்டாயம் சொல்லுங்க. "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்"னு அவரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

22/
கடைசியா காசு. ஒரு ஜோடி நல்ல ஸ்டாண்ட் பெரும்பாலும் ஒரு சர்வீஸ் பில்லுக்குள் அடங்கிடும். ஒழுங்கா வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். சீட் கவருக்கும் அலாய் வீலுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம், இதுக்கு மட்டும் ஏன் பேரம்? இப்போதைக்கு வாங்க முடியலைன்னா அதுவும் அவமானம் இல்லை. ஆயில் மாற்றுவதை ஒர்க்‌ஷாப்பில் விடுங்க. மேலே இருந்து செய்யக்கூடிய வேலைகள் எத்தனையோ இருக்கு: ஏர் ஃபில்டர், பேட்டரி, வைப்பர், கூலண்ட் பார்ப்பது.

23/
உங்க வீட்டில் காரோடு மல்லுக்கட்டுற ஆள் ஒருத்தர் இருப்பார். அண்ணனோ, மாமாவோ, காலேஜ் படிக்கிற பையனோ. இந்த இழையை அவருக்கு அனுப்புங்க. திட்டினாலும் பரவாயில்லை. அவர் பிறந்தநாளுக்குச் சட்டை எடுக்கிற காசில் ஒரு ஜோடி ஸ்டாண்டும் ரெண்டு கட்டையும் வாங்கிக் கொடுங்க. அவரை நான் கேஷுவாலிட்டியில் சந்திக்க வேண்டாம்.