மூச்சுக் குழலும் ஓட்டக்காரரும்

திருமுடிவாக்கத்தை ஒட்டிச் செல்லும் வெளிவட்டச் சாலையின் ஓரமாக விடியற்காலையில் போய்ப் பார்த்தால், காவலர் தேர்வுக்கென்று ஓடிப் பழகும் வாலிபர்களைக் காணலாம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்கவேண்டும் என்பது விதி. சற்றுப் பிந்தினாலும் அந்தத் தடவை ஆசை அவ்வளவுதான். இவர்களில் சிலருடைய கையில் இப்போது ஒரு சிறு குழல் முளைத்திருக்கிறது. அதை வாயில் வைத்து மூச்சை இழுத்துப் பழகினால் ஓட்டத்தில் களைப்பே தோன்றாதாம்! விலை சில ஆயிரம் ரூபாய். சிட்கோ பேட்டையில் உழைக்கும் தகப்பனாரின் பணம் அதில் போகிறபடியால், சங்கதியை விசாரிப்பது அவசியமாகிறது.

குழல் வெறும் ஏமாற்று வித்தையன்று. அதற்குள் வில் வைத்த ஓர் அடைப்பு உண்டு. குறித்த பலத்துடன் இழுத்தாலொழிய அது திறவாது. காலையில் 30 மூச்சு, மாலையில் 30 மூச்சாக ஆறு வாரம் பழகினால் மூச்சுத் தசைகள் வலுப்பெறுவது வாஸ்தவமே. கடும் ஓட்டத்தில் இருதயம் அனுப்பும் ரத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை இத்தசைகளே எடுத்துக்கொள்கின்றன. அவை களைத்துப்போனால் கால்களுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. ஆகவே, அவற்றை வலுப்படுத்தினால் கால்களுக்கு லாபம் என்பது வாதம்.

ஆனால் மூச்சுப் பலம் ஒன்றே போதுமென்றால், நம் நாதஸ்வர வித்வான்களல்லவா ஓட்டப் பந்தயங்களில் முதற்பரிசு வாங்கவேண்டும்? திடமான மனிதனுக்குப் பெரும்பாலும் தடையாக நிற்பது நுரையீரலன்று. இருதயம் ரத்தத்தை அனுப்பும் திறனும், கால் தசைகளின் பழக்கமுமே.

2001-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் படகு வலிக்கும் பெண்கள் 14 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு மெய்யான பயிற்சி. மற்றவர்களுக்குப் பெயரளவில் தடையுள்ள போலிப் பயிற்சி. பதினொரு வாரங்களுக்குப் பின், 6 நிமிஷத்தில் வலித்த தூரம் முதல் கூட்டத்தாருக்கு நூற்றுக்கு 3.5 பங்கு கூடியது. போலிக் கூட்டத்தாருக்கும் 1.6 பங்கு கூடிவிட்டது! அதே வருஷம் அமெரிக்காவில் சைக்கிள் வீரர்களிடம் செய்த சோதனையிலோ, போலியைவிட மெய் மேல் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

படகுக் கணக்கு ஓட்டத்துக்கும் அப்படியே பொருந்துவதாக வைத்துக்கொண்டாலும், 7 நிமிஷத்தில் மிஞ்சுவது சுமார் 8 விநாடி. 7 நிமிஷம் 5 விநாடியில் வரும் பையனுக்கு அது உயிர். எட்டு நிமிஷத்தில் வருகிறவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அவன் இன்னும் மூன்று மாதம் ஒழுங்காக ஓடிப் பழகட்டும். அதற்குக் காசு வேண்டாம். முன்னவனும் அதைச் செய்தபிறகே குழலைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

2020-இல் கொரோனாவின்போது பல வீடுகளில் வாங்கிவைத்த மூன்று பந்துக் கருவி வேறு. அது நோயாளியை ஆழ்ந்து சுவாசிக்கச் செய்வதற்கானது. மலையுச்சிக் காற்றைத் தருவதாக விற்கும் முகமூடியோ மூச்சை நெருக்குமே தவிர, காற்றிலுள்ள பிராணவாயுவின் அழுத்தத்தைக் குறைப்பதில்லை.

செவிப்பறை கிழிந்தவர்களும், முன்பு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தவர்களும் குழலைத் தொடலாகாது. ஓடும்போது நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் கடைக்குப் போகவேண்டாம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்று அரசாங்க நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியாக அருகிலேயே இருக்கிறது.