திரையில் வரும் எழுத்தாளரும் மலைப்பள்ளி மாணவரும்

எழுத்தாளர் ஒருவர் பள்ளிக்கு வருவது நல்ல செயல். நேரில் வர இயலாதபோது அவர் கணினித் திரை வழியாக வகுப்பறைக்குள் வருவதும் நல்ல செயலே. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால், அவரை வரவேற்க நம் பள்ளிகள் செய்யும் ஆயத்தங்களைப் பார்க்கும்போது, மாப்பிள்ளை அழைப்புக்குப் பந்தல் போட்டுவிட்டுப் பெண்ணுக்குச் சேதி சொல்ல மறந்த வீட்டார்தாம் என் நினைவுக்கு வருகிறார்கள்.

சமவெளி நண்பர்களுக்குக் கொடைக்கானல் என்றால் ஏரியும் படகும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது பேருந்து மாறும் ஊர். அங்கிருந்து பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர். அதையும் தாண்டி மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களிலும் பிள்ளைகள் கதை படிக்கிறார்கள். சென்னையிலிருந்து ஓர் எழுத்தாளர் இரயிலேறிக் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கினாலும், கொடைக்கானல் நகரை அடையவே இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் பயணம் பாக்கி. ஒரு மணி நேரப் பேச்சுக்காக யார் மூன்று நாள் செலவிடுவார்? பள்ளியில் படித்த பன்னிரண்டு ஆண்டுகளில், பாடப்புத்தகப் படத்தில் தவிர நான் ஓர் எழுத்தாளரைக் கண்டதில்லை. 2020-இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, திரை வழியே பேசுவது எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆகவே மலைப்பள்ளிகளுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு என்றே சொல்வேன். அதனால்தான் அது வீணாவதைக் காணப் பொறுக்கவில்லை.

மலையிலுள்ள ஒரு பள்ளியில் இத்தகைய நிகழ்ச்சிக்கு உதவி செய்யச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு வாரம் ஆயத்தம் நடந்தது. பேனர் அடித்தார்கள். வரவேற்புப் பாடலுக்கு மூன்று முறை ஒத்திகை பார்த்தார்கள். பொன்னாடையும் வாங்கிவிட்டார்கள். அதைத் திரையில் இருப்பவருக்கு எப்படிப் போர்த்துவது என்று ஆசிரியர் அறையில் விவாதமே நடந்தது. கடைசியில் இரண்டு மாணவியர் அதைக் கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்கள்; எழுத்தாளரும் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். கேள்விகள் ஐந்து. ஐந்தையும் ஆசிரியரே எழுதி, நன்றாகப் பேசும் ஐந்து பேருக்குக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று பாதிக்கு மேல் போயிற்று. எழுத்தாளரின் நூல் ஒன்றுகூட அந்தக் கட்டடத்தில் இல்லை.

எழுத்தாளர் இடையிலே ஒரு குட்டிக் கதை சொன்னார். அதில் ஒரு பாட்டி இறந்துபோவாள். பின்வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் என்ன கேட்க நினைத்தாய் என்று விசாரித்தேன். "அந்தப் பாட்டி நெசமாவே செத்துப்போச்சா, இல்ல இவரா சாகடிச்சாராண்ணே?" என்றான். புனைகதையின் அடிப்படையையே தொடுகிற கேள்வி அது. எங்கள் தமிழ் வகுப்பில் 'கதையும் நடப்பியலும்' என்று ஒரு பருவம் முழுதும் பேசுகிறோமே, அதைத்தான் அவன் ஒரே மூச்சில் கேட்டுவிட்டான். அந்த எழுத்தாளருக்கு அது போய்ச் சேரவில்லை.

வானொலியில் பள்ளி ஒலிபரப்பு கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை விண்ணில் ஏவினார்கள். 2019-இல் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் நல்ல பணி செய்தன. ஆனால் அவற்றில் பேசியவருக்கு நம் பிள்ளைகளின் முகம் தெரியாது. இப்போது வந்துள்ள வசதியின் தனிச்சிறப்பே, மாணவன் திருப்பிக் கேட்கலாம் என்பதுதான். அதையும் நாம் வானொலிப் பெட்டியாக மாற்றிவிட்டோம்!

லிட்வேர்ல்ட் என்னும் அமைப்பு 2010-இல் உலக உரக்க வாசிப்பு நாளைத் தொடங்கியது. அதையொட்டி அமெரிக்காவில் எழுத்தாளர்கள் பலர் கட்டணம் வாங்காமல் வகுப்பறைகளுக்குத் திரை வழியே வருகிறார்கள். பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடச் சந்திப்புதான். கொஞ்சம் வாசித்துக் காட்டுவார்; பிறகு கேள்விகள். வாழ்த்துரைக்கு அங்கே நேரம் ஏது?

என் கருத்தில் முதல் ஆயத்தம் புத்தகம். பொன்னாடைக் காசுக்கு இரண்டு மூன்று பிரதிகளாவது கிடைக்கும். நாற்பது பேருக்கு ஒரே பிரதி என்றாலும் குறையில்லை. ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்கலாம். நம் திண்டுக்கல் மாவட்டத்துக்காரரான மா. கமலவேலன் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' நூலுக்காக 2010-இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்றவர். உதயசங்கர் 2023-இலும் யூமா வாசுகி 2024-இலும் விஷ்ணுபுரம் சரவணன் 2025-இலும் அதே விருதைப் பெற்றார்கள். இவர்களுடைய நூல்கள் எத்தனை மலைப்பள்ளிகளின் அலமாரிகளில் இருக்கின்றன? 2019-இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' புதினத்தின் ஒரு பகுதி இடம்பெற்றது. அவர் 2021 மே 17-ஆம் நாள் மறைந்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் அப்பாடத்தைப் படித்த பிள்ளைகள் அதை எழுதியவரிடமே சந்தேகம் கேட்டிருக்கலாம். இனி முடியாது.

இரண்டாவது, கேள்வியை மாணவனிடமே விட்டுவிட வேண்டும். "தவறாக ஏதேனும் கேட்டுவிட்டால் பள்ளியின் மானம் போகாதா?" என்று விரிவுரையாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கவலை புரிகிறது. ஆனால், "உங்களுக்கு எழுதும் ஆர்வம் எவ்வாறு ஏற்பட்டது?" என்று ஐந்து பள்ளிகள் ஒரே குரலில் கேட்பதில் மட்டும் என்ன மானம் இருக்கிறது? கொச்சையாகப் பேசுவான் என்றால் பேசட்டும். அந்த மொழியைத் தேடித்தானே எழுத்தாளர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. கொடைக்கானல் வரும் கதைகளில் பனியும் காதலர்களும் இருப்பார்கள். மலையில் வேலை செய்கிறவர் அநேகமாக இருக்கமாட்டார். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டைக் காயவைக்கும் வீட்டுப் பெண், உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கும் குதிரையை ஓட்டுபவரின் மகன், பளியர் குடியிருப்பிலிருந்து நடந்து வரும் சிறுவன் ஆகியோர் எழுத்தாளருக்குச் சொல்ல வேண்டிய செய்திகள் ஏராளம். நிகழ்ச்சியில் கால்மணி நேரம் அவர் கேட்கட்டும், இவர்கள் பேசட்டும்.

கருவி விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. மைக்கை முன்வரிசையிலேயே வைத்துக்கொள்ளாமல் பின்வரிசைவரை அனுப்ப வேண்டும். மழை நாளில் மின்சாரம் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்தபோது பட்ட பாட்டை மலைக்காரர்கள் மறக்கவில்லை. எழுத்தாளரின் தொலைபேசி எண்ணை முன்பே வாங்கி வைத்திருந்தால், திரை இருண்டாலும் குரலாவது வரும்.

நம் கல்லூரிக்கும் இதில் வேலை இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் தங்கிச் சாலையோரம் சுத்தம் செய்கிறோம், செய்ய வேண்டியதுதான். அதில் இரண்டு மாலைப் பொழுதுகளை ஒதுக்கி, எழுத்தாளர் வரவிருக்கும் பள்ளிக்கு அவருடைய நூலோடு போய் வாசித்துக் காட்டிவிட்டு வரலாம். இவ்வாண்டு முகாம் மலைமேல் அமையுமானால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும்படி திட்ட அலுவலரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.