பெயின்ட் கடைசி, பின்பலகை முதலில்

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரைமீறி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. அந்த நாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து, மாடிகளில் தவித்தவர்களை மீட்டார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்களும் இதையே செய்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னைப் புறநகர்த் தெருக்களில் மறுபடியும் படகுகள் ஓடின.

வெள்ளம் வடிந்ததும் அஸ்தினாபுரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் பக்கங்களில் எழுகிற கேள்வி நியாயமானது: லாரியில் படகு வரும்வரை காத்திருப்பதைவிட, நம் குடியிருப்போர் சங்கமே ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கிச் சரிசெய்து வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம். பழைய ஃபைபர் படகு மீட்கத் தகுந்த பொருள்தான். ஆனால் வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானோர் பெயின்டில் தொடங்கி, இன்ஜினுக்குப் போய், படகின் உள்கூட்டைக் கடைசியில் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். அதற்குப் படகையும் இன்ஜினையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்து அமெரிக்காவின் ஒஹாயோவில் ரே கிரீன் என்பவர் 1942-ல் ஒரு சிறு பாய்மரப் படகைச் செய்தார். ஃபைபர் படகுகளின் முன்னோடிகளில் அது ஒன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் நம் கரைகளுக்கு ஏற்ற படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. ஆனாலும் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் பெருமளவில் பிடித்தது 2004 சுனாமிக்குப் பிறகுதான். நிவாரணமாக ஃபைபர் படகுகள் மிகப் பெரிய எண்ணிக்கையில் குறுகிய காலத்தில் கட்டித் தரப்பட்டன. அவசரத்தில் கட்டியவற்றில் தரக்குறைவானவையும் இருந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலைக் குப்பங்களில் இன்று விற்பனைக்கு வரும் பழைய படகுகளைப் பார்க்கும்போது இந்த வரலாறு நினைவில் இருக்கட்டும். படகின் வயதைவிட, அது எப்படிக் கட்டப்பட்டது என்பதே முக்கியம்.

படகின் வெளிப்பக்கம் பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட். அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதற்கு உட்புறம் மேட் எனப்படும் நறுக்கிய இழைப் பாயும், ரோவிங் எனப்படும் நெய்த இழைத் துணியும் ரெசினில் தோய்ந்து மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். இந்த அடுக்கு துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது. அதனால் ஃபைபருக்கு அழிவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். சிக்கல் வருவது ஃபைபரால் மூடிவைத்த மரத்தில். விறைப்புக்காக அடித்தளத்தில் ஓடும் நீளச் சட்டங்களிலும், இன்ஜின் மாட்டும் பின்பலகையிலும் உள்ளே மரமோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. வெளித்தோல் நன்றாக இருக்க, உள்ளே மரம் ஆண்டுக்கணக்கில் மக்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே படகைப் பார்க்கப் போகிறவர் ஒரு சின்னச் சுத்தியலோடு போக வேண்டும். பின்பலகையை மேலிருந்து கீழாக, விரற்கடை விரற்கடையாகத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று இறுக்கமாகச் சொல்லும். மக்கிய இடம் ‘பொத் பொத்’ என்று அடங்கிப்போகும். சந்தேகம் இருந்தால், உரிமையாளரின் சம்மதத்தோடு பின்பலகையின் உட்புறத்தில், கீழ்ப்பகுதியில், மெல்லிய துளை ஒன்று போடுங்கள். வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுத்த ஈரச்சக்கை டிரில்லில் ஒட்டிக்கொண்டு வந்தால் பின்பலகை போய்விட்டது. அடுத்ததாக, இன்ஜின் மாட்டியிருக்கும்போதே, தண்ணீருக்குள் இறங்கும் அதன் கீழ்க்காலைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். பலகை அசைந்தாலோ, மூலைகளில் கீறல் விரிந்தாலோ, அந்தப் படகில் அதே நிலையில் இன்ஜினை ஓட்டக் கூடாது. 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் 40 கிலோவுக்குள் இருக்கும். அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோ வரும். அந்த எடையோடு, படகை முன்னே தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது இந்த ஒரு பலகைதான்.

பின்பலகை மக்கியிருந்தால் படகையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உட்புற ஃபைபர் தோலை வெட்டியெடுத்து, மக்கிய மரத்தை முழுவதும் சுரண்டி, காயவிட்டு, ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை வைத்து மறுபடி ஃபைபர் போட்டு மூட வேண்டும். வீட்டு அலமாரிக்கு வாங்கும் சாதாரண பிளைவுட் இங்கே உதவாது. புதிதாகப் போடும் ஒவ்வொரு போல்ட் ஓட்டையின் உட்சுவரையும் ரெசின் பூசி அடைக்க வேண்டும். பழைய பலகை மக்கியதற்குக் காரணமே அப்படி அடைக்காத ஓட்டைகள்தான்.

உடைந்த ஃபைபரை ஒட்டும்போது பலர் செய்யும் தவறு, ஓட்டைக்கு மேல் ஒரு துண்டு மேட்டை வைத்து ரெசினைப் பூசிவிடுவது. அது சில மாதங்களில் உரிந்து வரும். ஓட்டையைச் சுற்றி, சுவரின் தடிமனைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுற்றிலும் 7 சென்டிமீட்டருக்குச் சரிவு. புதிய மேட்டைச் சிறிய துண்டில் தொடங்கிப் பெரியதாகவோ, பெரியதில் தொடங்கிச் சிறியதாகவோ அந்தச் சரிவில் படிய அடுக்கி, ரோலரால் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். தேய்ப்பதற்கு முன்பே அசிட்டோனால் மெழுகையும் எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். முதலில் தேய்த்தால் மெழுகு இன்னும் உள்ளே ஏறிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ரெசினைக் கெட்டியாக்க கோபால்ட் என்ற முடுக்கியும் கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கியும் தேவை. இவை இரண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். கடையில் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினும் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பு. கேட்டலிஸ்ட் பொதுவாக ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம். சித்திரை வெயிலில் 1 சதவீதத்தை ஒட்டி நிற்பது நல்லது. அதிகமானால் கையில் இருக்கும் மக்கிலேயே கெட்டிப்படும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முகமூடி மூன்றும் கட்டாயம். இழைத்தூசி நுரையீரலுக்கு ஆகாது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

உள்கூடு உறுதியான பிறகு இன்ஜினுக்கு வருவோம். பழைய படகுகளோடு பெரும்பாலும் பின்பலகையில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் வரும், அல்லது லாங் டெயில் டீசல் இன்ஜின் வரும். லாங் டெயிலில் நீண்ட தண்டின் நுனியில் விசிறி இருக்கும். கடற்கரையில் படகை ஏற்றி இறக்க அது வசதி. ஆளும் கம்பமும் காரும் நெருங்கிய தெருவில் அந்த நீளத் தண்டு ஆபத்து. தெரு வெள்ளத்துக்குச் சிறிய அவுட்போர்டே சரி.

டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு நம் ஊருக்குப் புதிய சங்கதி இல்லை. ஜிஎஸ்டி சாலையோரப் பட்டறைகளில் ஆர்எக்ஸ் 100 பைக்கைப் பிரித்து மாட்டிய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோலோடு ஆயிலைக் கலப்பது, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பது, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஆயில் கலவை பல இன்ஜின்களுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ஆனால் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் தயாரிப்பாளர் சொன்ன அளவையே நம்ப வேண்டும்.

பைக் மெக்கானிக் அறியாத பகுதி, தண்ணீர். பைக் இன்ஜினைக் காற்று குளிர்விக்கிறது. அவுட்போர்டைப் படகு மிதக்கும் தண்ணீரே குளிர்விக்கிறது. கீழ்க்காலுக்குள் இம்பெல்லர் என்ற சிறிய ரப்பர்ச் சக்கரம் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அது இன்ஜினைச் சுற்றிவிட்டுத் திரும்புகையில் ஒரு பகுதி பின்னால் மெல்லிய பீச்சாக வெளியே வரும். அந்தப் பீச்சு வருகிறதா என்று பார்ப்பதே இன்ஜினைக் கிளப்பியதும் செய்ய வேண்டிய முதல் வேலை. வரவில்லையென்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் ரப்பர் சில நொடிகளிலேயே பழுதாகத் தொடங்கும். பிறகு சிலிண்டரே பிடித்துக்கொள்ளும். ‘சும்மா ஒருமுறை கிளப்பிக் காட்டுகிறேன்’ என்று தரையில் வைத்து ஓட்டிக் காட்டுபவரிடம் இன்ஜின் வாங்காதீர்கள். ஒரு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கீழ்க்காலை அதில் முக்கி ஓட்டச் சொல்லுங்கள். பழைய இன்ஜின் வாங்கினால், முன்னவர் என்ன சொல்லியிருந்தாலும் இம்பெல்லரைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

இன்னும் இரண்டு சோதனைகள் போதும். கியர் பெட்டியின் அடித்திருகை மெல்லக் கழற்றி, வரும் ஆயிலைப் பாருங்கள். கறுப்பாகவோ தேன் நிறமாகவோ இருந்தால் பயமில்லை. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், விசிறித் தண்டின் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது; மீன்பிடி நரம்பு தண்டில் சுற்றிச் சீலை அறுத்திருக்கலாம். அடுத்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பாருங்கள். அவற்றுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலை பேசுவதற்கு முன் யோசியுங்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் பெரிய விஷயம். பெயர்பெற்ற எவின்ரூட் இன்ஜின்களின் தயாரிப்பே 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. அழகான பழைய இன்ஜினைவிட, பாகம் கிடைக்கும் இன்ஜினே ஆபத்து நேரத்தில் துணை.

எரிபொருள்தான் இன்றைய புதிய சிக்கல். பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். ஆகவே பழைய குழாய்களை மாற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். ஆபத்து நாளில் இன்ஜின் கிளம்பாமல் போவதற்கு உடைசலைவிடப் பழைய பெட்ரோலே அதிகம் காரணமாகிறது.

இவ்வளவும் செய்தாலும் இன்ஜினுக்கு எல்லை உண்டு. வெள்ளத் தெருவில் தண்ணீருக்கடியில் காம்பவுண்டுச் சுவரும் பைக்கும் கம்பியும் குப்பையும் கிடக்கும். விசிறி அவற்றில் மோதினால், ஷியர் பின் என்ற சிறு ஊசி உள்ள இன்ஜின்களில் அது உடைந்து கியரைக் காப்பாற்றும். அதனால் அந்த ஊசிகள் சில கைவசம் இருக்க வேண்டும். தண்ணீரில் ஆள் இறங்கி நிற்கும் இடத்துக்கு நெருங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பாலும் கழியாலும்தான் போக வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை படகை இறக்கவே கூடாது. ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை இல்லாத படகு மீட்புப் படகு ஆகாது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரப் படகு ஓட்டுவதை 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. ஏரியில் சோதனை ஓட்டம் விடுவதற்கும் அதைப் பராமரிக்கும் துறையின் அனுமதி வேண்டும். மாநகராட்சியிடமும் தீயணைப்பு, மீட்புப் பணித்துறையிடமும் முன்பே பேசி, அவர்கள் தலைமையின்கீழ் இந்தப் படகு இயங்கும் என்று ஏற்பாடு செய்துகொள்வதே முறை. தனித்தனியாகத் துணிச்சல் காட்டுவது இன்னும் சிலரை ஆபத்தில் மாட்டிவிடும்.

காலமும் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் ஃபைபர் வேலை சரியாகப் பிடிக்காது. ஆகவே பின்பலகையும் அடித்தளமும் பங்குனி முதல் வைகாசிக்குள், நிழலில், முடிய வேண்டும். ஆனி, ஆடியில் இன்ஜின். ஆவணியில் அனுமதியோடு தண்ணீரில் சோதனை. புரட்டாசிக்குள் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைந்தது நான்கு பேராவது ஆகியிருக்க வேண்டும். ஜெல்கோட்டும் பெயின்டும் இவை முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், அவை காத்திருக்கும். அதன்பிறகு மாதம் ஒருமுறை டிரம்மில் 10 நிமிடம் ஓட்டிப் பார்த்து, தேதியும் ஓட்டியவர் பெயரும் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும். அந்த நோட்டை விடாமல் எழுதக்கூடிய ஆட்கள் உங்கள் தெருவில் இருந்தால் தயங்காமல் படகை வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் மிதவைச் சட்டைகளும் கயிறும் வாங்கி வையுங்கள். மீனவர்கள் படகோடு வரும்போது அவை உடனே பயன்படும்.