நாற்றுமேடையா, களஞ்சியமா?

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி, மண்டைதீவிலே சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். வடபுலத்துக்கு வராது வந்த இவ்வாய்ப்பை வரவேற்கின்றோம். ஆயினும், பெரிய அரங்குகளைப் பற்றி இந்நாடு ஏற்கெனவே கற்ற பாடங்களை இவ்வேளையில் எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

கொழும்பிலே, பொரளைப் பக்கத்தில், தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் உளது. கழகம் தோன்றியது 1899இல். மைதானத்தை உருவாக்க உழைத்த பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் 1977இல் அதற்குச் சூட்டப்பெற்றது. 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணியை, மகாதேவன் சதாசிவம் தலைமையில் இலங்கை எதிர்கொண்டது அங்கேதான். 1982 பெப்ரவரியில் இந்நாடு தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியதும், 1985 செப்டெம்பரில் இந்தியாவை வீழ்த்தித் தன் முதலாவது டெஸ்ட் வெற்றியை ஈட்டியதும் அம்மண்ணிலேயே. வானளாவிய மாடங்களாலா இப்பெருமை வந்தது? இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரரை வளர்த்த ஒரு கழகம் அங்கே உயிரோடிருந்தமையால் வந்தது. முத்தையா முரளிதரனும் அக்கழகத்துக்கு ஆடியவரே.

மறுபுறம் அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவைப் பாருங்கள். 35,000 பேர் அமரத்தக்க அரங்கொன்று காட்டை வெட்டி எழுப்பப்பட்டது. 2011ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்தில் அங்கு நடந்த ஆட்டங்கள் இரண்டே. அரங்குகளுக்கென வாரியிறைத்த கிரிக்கெட் சபையோ கடனில் மூழ்கி, அவ்வாண்டிலேயே ஆட்டக்காரருக்கு மாதக்கணக்கில் ஊதியம் வழங்க இயலாது தவித்தது.

தலைநகர்த் தமிழ்ப் பிள்ளைகளின் நிலைதான் என்ன? கொட்டாஞ்சேனையை அடுத்துச் சுகததாச விளையாட்டரங்கு ஓங்கி நிற்கின்றது. 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டு விழாவை நடத்திய அரங்கு அது. அதன் ஆரவாரம் கேட்கும் தொலைவில் வாழும் சிறுவன் ஒழுங்கையிலே பந்தடிக்கின்றான். வெள்ளவத்தையிலோ, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே மாடிவீடுகள் நெருங்கி நிற்கின்றன. பிள்ளைகள் ஓடியாட இடமெங்கே?

பெரிய அரங்கு வேண்டா என்கின்றோமா? அல்ல. நம் பிள்ளைகளும் உலக வீரரைத் தம் மண்ணிலே காணட்டும். ஆனால் நாற்றுமேடை அமைக்காமல் களஞ்சியம் கட்டும் கமக்காரன் உண்டோ?

ஆதலால் அரசாங்கத்தாரிடம் நான்கு கோருகின்றோம். மண்டைதீவில் மாடங்கள் எழுமுன் பயிற்சித் திடல்கள் எழட்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு உழவர் மக்களும் அங்கு வந்து பயிலப் போக்குவரத்து வசதி அமையட்டும். சுகததாச அரங்கிலே அயற் பாடசாலைகளுக்கு வாரந்தோறும் கட்டணமின்றி நேரம் ஒதுக்கப்படட்டும். அரங்குகளின் வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படட்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவதில் பழைய மாணவர் சங்கங்களும், நம் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் முன்னிற்றல் வேண்டும்.

அரங்கின் பெருமை அதிலே எத்தனை பேர் அமரலாம் என்பதில் இல்லை. அதிலே நாள்தோறும் எத்தனை பேர் ஆடுகின்றனர் என்பதிலேயே உளது.